கையிலெடுத்த கல் அம்பு முனையா? தீவக உறவுகளுக்கு ஒரு வாத்தியாரின் நீண்ட பதில்

 

வேலணையில் கற்கால மனிதர் வாழ்ந்த தடயம் கிடைத்திருக்கிறது என்ற செய்தி பரவியதிலிருந்து என் கைபேசிக்குப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கடற்கரையில் பொறுக்கியது, தோட்டம் கொத்தும்போது வந்தது, கிணறு இறைக்கும்போது கண்டது என்று எல்லாம் கூரான கற்கள். கீழே ஒரே கேள்வி: "சேர், இது அம்பு முனையா?" பழைய மாணவர்களும் கேட்கிறார்கள், அவர்களின் வாப்பாமாரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியாததால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் வேலணையில் கிடைத்தது என்ன என்று பார்ப்போம். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தின் திலங்க சிறிவர்தன தலைமையிலான ஆய்வாளர்கள் அங்கே ஒரு சிப்பிமேட்டை அகழ்ந்து ஆராய்ந்தார்கள். சிப்பிமேடு என்றால் ஒரு காலத்து மனிதர் மட்டியும் சிப்பியும் தின்றுவிட்டு ஓட்டை ஒரே இடத்தில் எறிந்து எறிந்து உண்டான குவியல். அவர்களின் குப்பைமேடு என்றே சொல்லலாம். அந்தக் குவியலுக்குள் கற்கருவிகளும் இருந்தன. காலக்கணிப்பு ஏறக்குறைய 3,500 ஆண்டுகள் என்று வந்தது. அதாவது கிமு 1500 அளவில், நாம் இன்று பஸ்ஸில் போய்வரும் அதே மண்ணில் மனிதர் அடுப்பு மூட்டிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இது ஏன் பெரிய செய்தி? யாழ்ப்பாணத்தின் பழைய வரலாறு என்றால் நாம் இதுவரை கந்தரோடை, ஆனைக்கோட்டை, காரைநகர் என்றுதான் தொடங்குவோம். கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலைக் குழு அகழ்ந்தது. ஆனைக்கோட்டையிலும் காரைநகரிலும் 1980ஐ ஒட்டிய காலத்தில் பெருங்கற்கால ஈமக்குழிகள் வெளிவந்தன. அவை எல்லாம் இரும்பு தெரிந்த மக்களின் இடங்கள். அதற்கு முந்திய கற்காலம் நம் குடாநாட்டிலும் தீவுகளிலும் இல்லை என்பதே நீண்டகாலம் இருந்த எண்ணம். அந்த எண்ணத்துக்குக் காரணமும் இருந்தது. கருவி செய்யக் கல் வேண்டும். நம்மிடம் அந்தக் கல் இல்லை.

இந்த ஒரு விடயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் திறவுகோல்.

நம் காலடியில் இருப்பது சுண்ணக்கல். கடலுக்கடியில் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து இறுகிய பாறை. கரையோரங்களில் முருகைக்கல். நெடுந்தீவில் வீட்டு வேலிகளே முருகைக்கல்லால் அடுக்கியவைதானே. இந்த இரண்டு கல்லிலும் கூரான வெட்டுக்கருவி செய்ய முடியாது. மெதுமையானவை, தேய்ந்துபோகும், உடைந்தால் பொருபொரு என்று உதிரும். கற்காலத்தவர் தேடியது படிகக்கல் (நாம் பாடத்தில் குவாட்ஸ் என்று படிப்பது), அல்லது சேர்ட் என்ற சக்கிமுக்கி இனக் கல். உடைத்தால் கண்ணாடிபோல விளிம்பு கொடுக்கும் கற்கள் இவை. வேலணையில் கிடைத்த கருவிகள் இவ்வகைக் கல்லில் செய்யப்பட்டவை. இந்தக் கல் வேலணையில் இயற்கையாகக் கிடைப்பதில்லை. பெருநிலப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆகவே நம் தீவுகளில் மண்ணுக்குள் ஒரு படிகக்கல் சில்லுக் கிடைத்தால், அது கூராக இல்லாவிட்டாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இதை யார் சுமந்துவந்தது?" என்பதுதான். அனுராதபுரத்திலோ பதுளையிலோ இந்தக் கேள்விக்கு இடமில்லை, அங்கே அந்தக் கல் நிலத்தில் நிறையக் கிடக்கிறது. இங்கே ஒரு விரல்நகமளவு சில்லும் ஒரு பிரயாணத்தின் சான்று.

அந்தப் பிரயாணம் எப்படி நடந்தது? இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல், அப்போது அது தரை. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். நம் தீவுகள் அப்போது தீவுகள் அல்ல. பனி உருகிக் கடல் ஏறி, ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் நீரிணை மூடிக்கொண்டது. வேலணைக்காரர் வாழ்ந்தது அதற்கும் மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின். அதனால் அவர்கள் கல்லையும் கொண்டு, தண்ணீரைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். பண்ணைப் பாலம் இல்லாத காலம். தெப்பமோ தோணியோ, அல்லது வற்றுக்காலத்தில் இடுப்பளவு நீரில் நடந்தோ வந்திருக்கலாம். எப்படியோ, கடலைப் படித்த ஆட்கள்.

இனி அம்பு முனைக்கு வருவோம்.

நம் பிள்ளைகள் அம்பு முனை என்றவுடன் இணையத்தில் பார்ப்பது அமெரிக்கப் பழங்குடியினரின் முனைகளை. விரல் நீளம், இலை வடிவம், அடியில் கயிறு கட்ட இரண்டு பக்கமும் வெட்டு. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு கடற்கரையில் தேடினால் முக்கோணமாக உடைந்த ஒவ்வொரு கல்லும் அம்பாகத்தான் தெரியும். நம் பகுதியில் கற்கால மனிதர் பெரும்பாலும் செய்தது வேறு. அதை நுண்கற்கருவி என்பார்கள். பெயருக்கேற்ப மிகச் சிறியவை, பெரும்பாலும் மூன்று நான்கு சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். பிறை வடிவம், முக்கோணம், சரிவகம் என்று கேத்திரகணித வடிவங்கள். நம் கணிதப் பாட வடிவங்களேதான். ஒரு விளிம்பு சவர அலகுபோலக் கூராக இருக்கும். எதிர் விளிம்பை வேண்டுமென்றே சின்னச் சின்னதாகக் கொத்தி மழுக்கியிருப்பார்கள். ஏன் மழுக்க வேண்டும்? அந்தப் பக்கத்தைத்தான் மரத்தண்டின் பிளவில் வைத்துப் பிசினால் ஒட்டுவார்கள். கூராக இருந்தால் தண்டைப் பிளந்துவிடும். ஒரே தண்டில் இப்படி இரண்டு மூன்று சில்லுகளைப் பதித்தால் அம்பு தயார். தண்டும் பிசினும் உக்கிப்போய்விட, நமக்கு மிஞ்சுவது சில்லு மட்டும். ஆகவே தனியாகக் கிடக்கும் ஒரு பிறைச்சில்லு அம்பின் முனையா, அம்பின் பக்கப்பல்லா, கத்தியின் அலகா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. "அம்பு முனை" என்று உடனே பெயர் வைப்பவரை நம்பாதீர்கள்.

இன்னொன்று. இலங்கையில் கிடைத்த மிகப் பழைய அம்பு முனைகள் கல்லே அல்ல, எலும்பு. களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களப் பக்கமுள்ள பாகியங்கலைக் குகையில் கிடைத்த நூற்றுக்கு மேற்பட்ட எலும்பு முனைகளை ஆராய்ந்து 2020இல் மிஷேல் லாங்லியும் இலங்கை ஆய்வாளர் உட்பட அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 48,000 ஆண்டுகள் வரை பழைமை. நுனிகளில் இலக்கில் மோதிய உடைவுகள் இருந்தன. குரங்கு, அணில் போன்றவற்றை மரத்திலிருந்து வீழ்த்தியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்கு உலகில் உள்ள மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று. கல்லைத் தேடும் கண்ணுக்கு இந்த எலும்பு முனை தப்பிப்போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

கல்லிலேயே இருபக்கமும் செதுக்கிய அழகான இலை முனைகள் நம் பகுதியில் இல்லவே இல்லையா? உண்டு, ஆனால் அருமை. நமக்கு எதிர்க்கரையில் தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காடு இருக்கிறது. சிவந்த மணல்மேடுகள். அங்கே சாயர்புரத்தில் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே கற்சில்லுகளைக் கண்டார். 1956இல் சொய்னர், அல்சின் என்ற இரண்டு அறிஞர்கள் தேரி இடங்களை விரிவாக எழுதினார்கள். படிகக்கல்லிலும் சேர்ட்டிலும் செய்த பிறைகள், அவற்றோடு இருபக்கமும் நுட்பமாகச் செதுக்கிய முனைகளும் அங்கே உண்டு. அதே மாதிரியான முனைகள் இலங்கையிலும் கிடைத்திருக்கின்றன. பலாங்கொடை முனை என்றே அதற்குப் பெயர். இங்கிருந்து நமக்கு மிக அருகில் உள்ள ஒப்பீடு மாந்தை. திருக்கேதீச்சரத்தை அடுத்த அந்தப் பழைய துறைமுக நகரத்தை 1980களில் அகழ்ந்தபோது, நகரத்துக்கெல்லாம் அடியில் நுண்கற்கருவிகளோடு ஒரு படை வந்தது. காலம் கிமு 1800 அளவு. வேலணையையும் மாந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கரையோரம் முழுவதும் இப்படியான மனிதர் நடமாடியிருக்கிறார்கள் என்ற எண்ணம் தானாக வரும்.

சரி, கையில் உள்ள கல்லை எப்படிப் பார்ப்பது? வகுப்பில் சொல்வதுபோல வரிசையாகச் சொல்கிறேன்.

1. கல்லின் இனம். சுண்ணக்கல், முருகைக்கல், சிப்பி மூன்றிலும் தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும். படிகக்கல் நுரைக்காது, கண்ணாடியையும் கீறும். ஆனால் இந்தச் சோதனையைச் சந்தேகமான பொருளில் செய்யாதீர்கள். எலும்பாகவோ சிப்பியாகவோ இருந்தால் பழுதாகிவிடும். முற்றத்தில் கிடக்கும் சாதாரணக் கற்களில் செய்து நிறத்தையும் பாரத்தையும் பழகுங்கள். பிறகு கண்ணே சொல்லும்.

2. அடித்த அடையாளம். மனிதன் ஒரு கல்லை இன்னொரு கல்லால் அடித்துச் சில்லு எடுக்கும்போது அடிபட்ட இடத்துக்குக் கீழே சிறிய புடைப்பு ஒன்று வரும். அதிலிருந்து குளத்தில் கல் எறிந்ததுபோல வளைய அலைகள் பரவும். சேர்ட்டில் இது தெளிவாகத் தெரியும். படிகக்கல்லில் தெரிவது கடினம். அது தாறுமாறாக உடையும் கல். பலவேளை அதைப் பட்டறைக்கல்லில் வைத்து மேலே அடித்து உடைத்திருப்பார்கள், அப்போது இரண்டு நுனியும் நசுங்கியிருக்கும். படிகக்கல்லைப் பார்த்து முடிவு சொல்ல ஆய்வாளர்களே யோசிப்பார்கள்.

3. திருத்திய விளிம்பு. ஒரு விளிம்பில் மட்டும், ஒரே அளவில், ஒரே திசையில், வரிசையாகச் சின்னக் கொத்தல்கள் இருந்தால் அது மனிதக் கை. அங்கொன்று இங்கொன்றாக உடைந்திருந்தால் அலையோ, மாட்டுக் குளம்போ, உழவு இயந்திரமோ.

4. துணை. ஒரு கருவி செய்த இடத்தில் பல மடங்கு கழிவுச் சில்லுகள் கிடக்கும். தச்சுப்பட்டறையில் கதிரையைவிடச் சீவல்தானே அதிகம்? தனியாக ஒரு கூரான கல், பக்கத்தில் வேறு ஒன்றுமே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

இனி ஏமாற்றுகிறவை. எனக்கு வந்த படங்களில் அதிகமானவை இவைதான்.

சுண்ணக்கல்லின் இயற்கை உடைவு. கடல் உருட்டிய முருகைத் துண்டு. சங்கின் உடைந்த நடுத்தண்டு. சுறாப்பல், திருக்கை முள். இவற்றையும் பழைய மனிதர் பாவித்திருக்கலாம், ஆனால் கரையில் புதிதாக ஒதுங்கியது வேறு. அலையில் தேய்ந்த போத்தல் கண்ணாடி.

அடுத்தது சல்லிக்கல். இதைக் கட்டாயம் கவனியுங்கள். நம் வீதிகளுக்கும் வீடுகளுக்கும் வந்த கருங்கல் சல்லி வெளியிலிருந்து லொறியில் வந்தது. அதற்குள் வெள்ளைப் படிகத் துண்டுகளும் இருக்கும், இயந்திரம் நொருக்கியதால் கூராகவும் இருக்கும். வீதியோரத்தில் பொறுக்கிய படிகச்சில்லை மூவாயிரம் ஆண்டு என்று சொல்லவேண்டாம், அது முப்பது ஆண்டாக இருக்கலாம்.

இன்னொன்று சுவாரசியமானது. நெடுந்தீவுக் கோட்டை, ஊர்காவற்றுறைக் கரை, கடற்கோட்டைப் பக்கம் சதுரமாக, ஆப்புப்போல ஒரு பக்கம் மெலிந்த, கறுப்போ தேன்நிறமோ ஆன சக்கிமுக்கித் துண்டு கிடைத்தால் அது கற்காலமாக இராது. பழைய துப்பாக்கிகளில் தீப்பொறி எழுப்ப வைத்த கல்லாக இருக்கலாம். ஐரோப்பியர் கப்பலில் வந்தது. அதுவும் வரலாறுதான், ஆனால் வேறு அத்தியாயம்.

இதைக் கவனித்தீர்களா? சல்லியா கருவியா, துப்பாக்கிக் கல்லா கற்காலமா என்று பிரித்துச் சொல்வது பெரும்பாலும் கல் அல்ல. அது கிடந்த இடம். சிப்பி ஓடுகளுக்கு நடுவே இரண்டடி ஆழத்தில் கிடந்த படிகச்சில்லும், வீதியோரத்தில் கிடந்த அதே மாதிரிச் சில்லும் மேசையில் வைத்தால் ஒன்றுதான். முதலாவதை நீங்கள் பிடுங்கி எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டவுடன் அதுவும் இரண்டாவதாக மாறிவிடுகிறது. கல்லைக் காலக்கணிப்புச் செய்ய முடியாது. அதோடு கிடந்த ஓட்டையும் கரியையும் வைத்துத்தான் காலம் சொல்கிறார்கள். ஓட்டை விட்டுவிட்டுக் கல்லை எடுத்தவர் கடிதத்தைக் கிழித்துவிட்டு முத்திரையைச் சேர்த்தவர் மாதிரி.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொண்டுபோக முடிந்த சாமான் கொஞ்சம். ஆனால் எந்த வீடு, எந்த ஒழுங்கை, யாருடைய வளவு, யார் பக்கத்தில் யார் என்ற தொடர்பு அறுந்ததுதான் பெரிய இழப்பு. திரும்பிவந்து காணியைக் காட்டச் சொன்னபோது அந்தத் தொடர்பைத்தான் எல்லாரும் தேடினோம். ஒரு பொருள் தன் இடத்திலிருந்து பிரிந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

நம் சிப்பிமேடுகளுக்கு ஆபத்துப் புதிதல்ல. சிப்பி சுண்ணாம்புச் சூளைக்குப் போகும் பொருள். எத்தனை மேடுகள் வீடுகளின் சுவரில் வெள்ளையடிப்பாகப் போயினவோ. இப்போது மண் அகழும் இயந்திரம் ஒரு நாளில் செய்வதை அக்காலச் சூளை பத்து வருடத்திலும் செய்திருக்காது. அதோடு சேர்ந்து இப்போது "பழைய கல் விலைக்கு எடுக்கிறோம்" என்று கேட்கிற ஆட்களும் வரத் தொடங்கினால் மிச்சமும் போய்விடும். சட்டமும் தெளிவு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி அகழ்வது குற்றம், கண்டெடுத்ததை அறிவிக்காமல் வைத்திருப்பதும் குற்றம்.

இந்த இடத்தில் பலரும் வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை நான் வெளிப்படையாகச் சொல்கிறேன். "அறிவித்தால் காணிக்குள் பலகை நட்டுவிடுவார்கள், பிறகு காணி நமதல்ல." வடக்கிலும் கிழக்கிலும் இந்தப் பயம் சும்மா வந்ததல்ல, அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் பயத்தில் நாமே மேட்டைத் தோண்டி மறைத்தால் இழப்பு யாருக்கு? இடம் அழிந்தபின் யாரும் எதுவும் சொல்லலாம், மறுக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது. சான்று இருக்கிற இடத்தில்தான் பொய்க்கு வேலை குறைவு. அதனால் மறைக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். நாலு பேருக்குத் தெரியும்படி, எழுத்தில், படத்தோடு செய்யுங்கள்.

"அப்போ அந்த வேலணை ஆட்கள் யார் சேர்? எங்கட ஆட்களா, அவையட ஆட்களா?" இதுவும் வந்த கேள்வி. அந்தச் செய்திகளின் கீழே நடக்கும் சண்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மேட்டில் எழுத்து இல்லை. வடக்கில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய எழுத்துக்கே அவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தவர்கள். அவர்கள் பேசிய மொழியைச் சிப்பி ஓடு சொல்லாது. இன்று இலங்கையில் இருக்கும் எந்தச் சமூகத்தின் பெயரையும் அவர்களின் நெற்றியில் ஒட்டுவதற்கு நேர்மையான வழி கிடையாது.

எழுத்து இருக்கும் காலத்துக்கு வந்தால்கூட நம் தீவுகளின் கதை ஒற்றைக்கோட்டில் ஓடுவதில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது. பொலன்னறுவை மன்னன், ஆனால் சாசனம் தமிழில். ஊர்காவற்றுறைக்கு வரும் வெளிநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு என்றால் சரிபாதி. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் அந்தச் சின்னத் தீவுக்கு இதைவிடப் பொருத்தமான கல் வேறு இல்லை. அந்தக் கல் அங்கேயே நின்றதால்தான் நாம் அதை வாசிக்கிறோம். கல்லின் சொந்தக்காரர் யார் என்று சண்டை பிடிக்கலாம், ஆனால் கல்லைக் காப்பாற்றியவர்கள் இருந்ததால்தான் சண்டை பிடிக்கவாவது முடிகிறது.

ஆகவே, தம்பிமாரே, தங்கச்சிமாரே, இனிமேல் ஒரு சந்தேகமான கல்லைக் கண்டால்:

எடுக்காதீர்கள், தோண்டாதீர்கள், கழுவாதீர்கள். கிடந்தபடியே படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனையோ பத்து ரூபாக் குற்றியோ வைத்தால் அளவு தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று சுற்றாடலையும் ஒரு படம். கைபேசியில் இடத்தைப் பதிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் சிப்பி ஓடு, கரி, பானையோடு, எலும்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். ஏற்கெனவே உழவிலோ கிணற்று மண்ணிலோ வெளியே வந்துவிட்டதென்றால் ஒரு கடதாசியில் சுற்றி, எங்கே, எந்த ஆழம், எந்தத் திகதி என்று எழுதி அதோடு வையுங்கள். பிறகு பாடசாலை வரலாற்று ஆசிரியருக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிக்கிறார்கள், அவர்களுக்கும் தெரியப்படுத்துங்கள். தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதி ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இடத்தின் சரியான விபரத்தை மட்டும் பகிரங்கமாக இங்கே போடாதீர்கள், மண்வெட்டியோடு வருபவர்களும் வாசிக்கிறார்கள்.

என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுவேலை. உங்கள் ஊரில் "சிப்பித்திடல்", "மட்டிப்பிட்டி" என்ற மாதிரி அழைக்கும் காணிகள் இருக்கின்றனவா என்று மூத்தம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்டு எழுதி வாருங்கள். காணிப் பெயர்கள் வாயிலிருந்து போய்விட்டால் அதையும் எந்த இயந்திரமும் திரும்பத் தோண்டி எடுக்காது. எந்தக் காணி, எந்த ஊர், யார் சொன்னது என்று மூன்றையும் எழுதுங்கள். பொதுவில் வேண்டாம், என் உட்பெட்டியில் அனுப்புங்கள். ஊர் ஊராகத் தொகுத்து ஒரு கொப்பியாக நம் பாடசாலை நூலகத்தில் வைப்போம்.

வஸ்ஸலாம்.